கல்லாவில் சான்றிதழ், அடுப்படியில் அண்டா

செட்டிநாட்டு உணவக உரிமையாளர்களுக்கும், மெஸ் நடத்துவோருக்கும், கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும், பலகாரம் போடும் ஆச்சிமார்களுக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களே, ஆச்சிமார்களே, தம்பிமார்களே, வணக்கம்.

நான் காரைக்குடியில் மெஸ் நடத்துகிறவன். கல்லாவில் உட்கார்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேருக்கு என் கடைக் குழம்பைத் தெரியும். இந்த மடலைப் படித்துவிட்டுச் சிலர் என்னைக் கோபித்துக்கொள்வீர்கள். தொழில் ரகசியத்தைத் தெருவில் போட்டுவிட்டான் என்பீர்கள். அதனால் முதலில் என் வீட்டுக் குப்பையையே கிளறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பக்கத்துக் கிராமம் ஒன்றில் காதுகுத்து. மதியம் கறிச்சாப்பாடு, 180 இலை. அன்றைக்கு முகூர்த்த நாளும்கூட. கடையிலும் கூட்டம் இருக்கும். ஆகவே ஆட்டுக்கறிக் குழம்பை முதல் நாள் இரவே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது நான்; மாஸ்டர் அல்ல. இரவு ஒன்பதரை மணிக்குக் குழம்பு இறங்கியது. பெரிய அண்டா. மேலே விரல் தடிமனுக்கு எண்ணெய் மிதந்தது. பல்லி விழுந்துவிடக் கூடாதே என்று மூடி போட்டு, மூடிமேல் அம்மிக்குழவியையும் தூக்கி வைத்தார்கள். சுத்தமாகத்தான் செய்தோம் என்று அன்றைக்கு யார் கேட்டாலும் சத்தியம் செய்திருப்பேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு அண்டாவை வண்டியில் ஏற்றினார்கள். பந்தி தொடங்கும் முன்பு அங்கே அடுப்பில் வைத்துச் சூடு காட்டினார்கள். கொதிக்க வைக்கவில்லை, கறி கரைந்துவிடும் என்று பயம். சாப்பிட்டவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அன்றிரவு பத்து மணிக்கு மேல்தான் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. வயிற்றைப் பிசைகிறது, பேதி நிற்கவில்லை. வாந்தி அதிகம் இல்லை, காய்ச்சல் இல்லை. நாற்பது பேருக்கு மேல். பெரும்பாலோருக்கு ஒரு நாளில் சரியாகிவிட்டது. ஒரு வயதான ஆத்தாவுக்கு மட்டும் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதப் போவதில்லை.

விசாரிக்க வந்த அலுவலர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சமையல் முடிந்த நேரம், மூடிய நேரம், பரிமாறிய நேரம், வயிறு கலங்கிய நேரம் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டார். பிறகு, “உங்கள் கடையில் பயிற்சி பெற்ற உணவு பாதுகாப்பு மேற்பார்வையாளர் யார்?” என்று கேட்டார். நான் கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினேன். என் பெயர்தான் அதில் இருந்தது. “ராத்திரி ஒன்பதரைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” “கல்லாவில்.” “மூடியைப் போட்டது யார்?” நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் கிளீனரைப் பார்த்தார். கிளீனர் தரையைப் பார்த்தார்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல்.

நடந்தது என்ன என்பதை அவரே விளக்கினார். மாதிரி எடுக்க ஒரு கரண்டிக் குழம்புகூட மிச்சம் இல்லாததால் ஆய்வகத்தில் உறுதிப்படுத்த வழியில்லை. ஆனால் அறிகுறியும் நேரமும் ஒரே கிருமியைக் காட்டுகின்றன என்றார். அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ். கறியிலும் மண்ணிலும் மசாலாப் பொருளிலும் சாதாரணமாக இருப்பது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அது போட்டு வைக்கிற வித்து சாகாது. குழம்பு ஆற ஆற வித்து முளைக்கும். அதற்குக் காற்று ஆகாது. நாமோ குழம்பைக் கொதிக்க வைத்து உள்ளிருந்த காற்றை எல்லாம் விரட்டி, மேலே எண்ணெயால் போர்த்தி, மூடியும் போட்டு அதற்கு அரண்மனை கட்டிக் கொடுத்திருக்கிறோம். 43 டிகிரியை ஒட்டிய சூடு அதற்கு மிகவும் பிடித்தது. அந்தச் சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நான் கல்லாக்காரன் ஆயிற்றே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் ஒன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. எந்தக் கந்துவட்டிக்காரனும் இப்படி வளர்த்ததில்லை.

சின்னச் சட்டியில் இருந்தால் குழம்பு சீக்கிரம் ஆறிவிடும். அண்டாவின் நடுவில் இருக்கும் குழம்புக்கோ சூடு வெளியேற வழியே இல்லை. ராத்திரி முழுவதும் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். வாடை வராது, நுரைக்காது, புளிக்காது. நாக்கில் வைத்துப் பார்த்தால் முதல் நாளைவிட ருசியாகவே இருக்கும். மாஸ்டரின் முப்பது வருட மூக்குக்கு இதில் வேலையே இல்லை. இதைச் சொன்னபோது அவர் முகம் சுண்டியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

பல வாரங்களுக்குப் பிறகு இன்னொன்று தெரியவந்தது. ஒடிசாவிலிருந்து வந்து எங்களிடம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பையன், இருபத்திரண்டு வயது, அன்று விடிகாலை அண்டாவைத் தூக்கும்போதே கவனித்திருக்கிறான். “ராத்திரி வைத்தது, இன்னும் சூடாக இருக்கிறதே” என்று தனக்குத் தெரிந்த தமிழில், மாஸ்டருக்கு அடுத்த சமையல்காரரான இரண்டாம் கையிடம் சொல்லியிருக்கிறான். இரண்டாம் கை, “நல்லதாயிற்று, கேஸ் மிச்சம்” என்றாராம். அதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சான்றிதழ் வாங்கிய நான் பார்க்கவில்லை; பார்த்தவனுக்குச் சான்றிதழும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இல் வந்தது. 2011 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. 2017இல் இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) ‘ஃபாஸ்டாக்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. (முதலில் அந்தப் பெயரைக் கேட்டபோது சுங்கச்சாவடிக்காகக் கார் கண்ணாடியில் ஒட்டும் வில்லை என்றே நினைத்தேன்.) உணவைக் கையாளும் 25 பேருக்குக் குறைந்தது ஒரு மேற்பார்வையாளர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும், அவர் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாட்டில் குறை இல்லை. நாம் அதை நிறைவேற்றுகிற லட்சணத்தில்தான் குறை. நம் வட்டாரத்தில் அந்த வகுப்புக்குப் போகிறவர் யார்? முதலாளி. இல்லாவிட்டால் முதலாளியின் மகன். அதுவும் இல்லாவிட்டால் கணக்கு எழுதும் தம்பி. ஏனென்றால் அவருக்குத்தான் அன்று வேலை குறைவு. மாஸ்டரை அனுப்பினால் அன்றைய அடுப்பு யார் பார்ப்பது?

நானும் அப்படித்தான் போனேன். குளிரூட்டிய அறை, திரையில் படம், நடுவில் காபியும் போண்டாவும். கை கழுவுவது எப்படி என்று படிப்படியாகக் காட்டினார்கள். ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவே உணவைக் கிடக்க விடாதீர்கள் என்றும் சொன்னார்கள். நான் குறித்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, நோட்டு இன்றும் இருக்கிறது. ஆனால் அறுபது டிகிரி என்பது என் அண்டாவில் எத்தனை மணிக்கு வரும், அதை யார் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. குழுப்படம் எடுத்துக்கொண்டு கலைந்தோம்.

கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர்களின் நிலைமை இன்னும் மோசம். ஒப்பந்தக்காரர் என்ன செய்வார் பாவம்! ஒரே முகூர்த்தத்தில் பள்ளத்தூரில் ஒரு வளவு வீட்டில் கல்யாணம், தேவகோட்டையில் ஒரு மண்டபம், மதுரையில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி. மூன்று இடத்திலும் முப்பது நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். சான்றிதழ் ஒன்று; அது அவருடைய பெயரில். அவரோ மூன்று இடத்துக்கும் நடுவே காரில். அந்த நேரத்தில் மூன்று கோட்டை அடுப்புக்கும் பொறுப்பு யார் என்று கேட்டால் மாஸ்டர் என்பார்கள். மாஸ்டரைக் கேட்டால், “நான் கூலிக்கு வந்தவன், ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள்” என்பார். இருவரும் சொல்வது உண்மைதான்.

மேற்பார்வையாளர் என்று ஒருவரை வைப்பதற்கு என்ன பொருள் என்று நாம் யோசிக்கவே இல்லை. என்னைக் கேட்டால் அந்த வேலையின் சாரம் ஒரு சொல்லில் இருக்கிறது: “கொட்டு.” இதை இலையில் போடக்கூடாது, கொட்டு என்று சொல்லவும், சொன்னால் மற்றவர் கேட்கவும் வேண்டும். அந்த அதிகாரம் இல்லாதவருக்கு நூறு வகுப்பு எடுத்தாலும் பயன் இல்லை. பயந்துகொண்டே தெரிந்து வைத்திருப்பார், அவ்வளவுதான். அதிகாரம் இருந்தும் அடுப்படிக்கு வராத என்னைப் போன்றவருக்கு எடுத்தாலும் அதே கதை. அந்த அதிகாரத்தை மாஸ்டருக்கோ இரண்டாம் கைக்கோ கொடுப்பது சட்டத்தாலும் ஆகாது, அலுவலராலும் ஆகாது. நாம்தான் கொடுக்க வேண்டும். வாயால் கொடுத்தால் போதாது. “கொட்டியதற்காக யார் சம்பளத்திலும் கை வைக்க மாட்டேன்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு கை வைக்காமலும் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

சம்பளப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொற்று நோய் உள்ளவரை உணவு வேலையில் வைத்துக்கொள்ளக்கூடாது என்று சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல விதி. நம் அடுப்படிகளில் முக்கால்வாசிப் பேர் நாள்கூலிக்காரர்கள். வயிற்றுப்போக்கு என்று வாயைத் திறந்தால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே வாயைத் திறக்க மாட்டார். இடையிடையே பின்பக்கம் போய்விட்டு வந்து தேங்காய் துருவுவார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வயிறு சரியில்லாதவரும், கையில் சீழ் பிடித்த வெட்டுக்காயம் உள்ளவரும் சொன்னால், வீட்டுக்கு அனுப்பி அன்றைய கூலியையும் கொடுத்துவிட வேண்டும். கைப்புண்ணில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உணவில் ஒருமுறை நஞ்சைக் கக்கிவிட்டால், மறுபடி எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு நாள் கூலியையும் அதனால் வரும் இழப்பையும் தராசில் வையுங்கள். எங்கள் கடையில் இதை ஆரம்பித்தபோது, எல்லோரும் வாரம் ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள் என்று என் மைத்துனர் எச்சரித்தார். நடக்கவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மருத்துவச் சான்றிதழைப் பற்றி என்ன சொல்ல? ஆளையே பார்க்காமல் பத்துப் பேருக்கு ஒரே மூச்சில் முத்திரை குத்தி வாங்கி வந்தவன் நான். நீங்களும் அப்படித்தான். இப்போது ஆளோடு போகிறோம். டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டாகிறது.

நம் சமையல் எங்கே சறுக்குகிறது என்பதைப் பயிற்சிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அறிய மாட்டார்கள். அது நமக்குத்தான் தெரியும். கோழியை வெட்டிய அதே கட்டையில் தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம் நறுக்குகிறோம். கோழி அடுப்பில் வெந்துவிடும், பச்சடி வேகாது. கோழியில் இருந்த சால்மோனெல்லா பச்சடி வழியாகப் பந்திக்குப் போகும். மிளகுக் கோழியைச் சந்தேகப்பட்டுத் தேடுவார்கள், அது அப்பாவியாக நிற்கும். கோழியைக் குழாயடியில் திறந்துவிட்டுக் கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் மேல் விழுவதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அடுப்படியில் கை கழுவ என்று தனிக் குழாய் எத்தனை கடையில் இருக்கிறது? பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே கையையும் நனைத்துவிட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டு பரிமாறப் போகிறோம்.

மிஞ்சிய சோற்றை ராத்திரி அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் ஃப்ரைடு ரைஸ் போடுகிற பழக்கம் பேருந்து நிலையப் பக்கம் சாதாரணம். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் நஞ்சும் தாளிக்கிற சூட்டுக்கு அசையாது. பழைய சோற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது நீரூற்றிப் புளித்தது. புளிப்பு அதைக் காக்கிறது. சட்டியில் பாதிச் சூட்டோடு கிடக்கிற உதிரிச் சோறு வேறு கதை.

நிறத்தைப் பற்றியும் பேச வேண்டும், எனக்கு இதில் கோபம் அதிகம். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிளகாய் பக்கத்து மாவட்டத்தில் விளைகிறது. அதை அரைத்தாலே குழம்பு நிறம் கொடுக்கும். அப்படியிருந்தும் செட்டிநாட்டுக் கோழி என்றால் செங்கல் சிவப்பாக இருக்க வேண்டும் என்று யாரோ வெளியூரில் கிளப்பிவிட்டார்கள். உலகம் முழுவதும் நம் ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதி முந்திரிப் பருப்பை அரைத்துக் கொட்டுகிறவர்கள் செய்வதை நாம் திருப்பிக் காப்பியடிக்கிறோம். கறி வறுவலிலும் பிரியாணியிலும் செயற்கை நிறப்பொடி போட அனுமதி இல்லை. இதை மாஸ்டரிடம் யாரும் சொன்னதில்லை. கடையில் ‘கேசரி பவுடர்’ என்று கேட்டால் கொடுக்கிறார்கள், அவரும் ஒரு சிட்டிகை போடுகிறார். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயத்துக்காகப் பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு தடை செய்தபோது அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நம் மளிகை அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்.

செய்தி வரும்போது மட்டும் நமக்குப் பயம் வரும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்த செய்தி வந்த வாரம், இங்கே ஷவர்மா அடுப்புகள் எல்லாம் துணி போர்த்திக்கொண்டன. சில வாரங்களில் துணி போய்விட்டது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்தார்கள். அந்த ஆணையைக் கல்லாவில் இருந்த நாம் கைப்பேசியில் படித்தோம். மிக்சியில் முட்டையை உடைத்து ஊற்றிய தம்பியிடம் எத்தனை நாள் கழித்துச் சொன்னோம்?

ஆச்சிமார்களே, நீங்கள் சிரிக்க வேண்டாம். கறி இல்லை, முட்டை இல்லை, எங்கள் பலகாரத்துக்கு என்ன வரும் என்று நினைப்பீர்கள். உண்மைதான், தேன்குழலும் மணகோலமும் சீப்புச் சீடையும் ஈரம் இல்லாதவை. கிருமிக்கு அங்கே பிழைப்பு இல்லை. உங்கள் எதிரி எண்ணெய். சட்டியில் மிஞ்சிய எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றி ஊற்றி எத்தனை ஈடு எடுக்கிறீர்கள்? எண்ணெயில் கெட்டுப்போன பகுதி 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிறவர்கள் கணக்கு எழுதி, பழைய எண்ணெயை அதற்கென அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதை பயோடீசல் ஆக்குகிறார்கள். நம்மில் பலர் அதைத் தள்ளுவண்டிக்காரருக்கு விற்கிறோம். அந்த வடையை நம் பிள்ளைகளே பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்கின்றன. பிறகு, சூடு ஆறும் முன்பு பலகாரத்தை உறையில் போட்டு ஒட்டாதீர்கள். உள்ளே வியர்த்து, சிங்கப்பூர் போய்ச் சேர்வதற்குள் அதிரசம் பூத்துவிடும். வேலைக்கு வரும் பெண்களில் ஒருவரை எண்ணெய்க்குப் பொறுப்பாக்குங்கள். “இந்தச் சட்டி போதும்” என்று அவர் சொன்னால் போதும்தான்.

“அப்பத்தா காலத்தில் இதெல்லாம் உண்டா, யாருக்கு வயிறு கெட்டது?” இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. கெட்டது ஐயா. திருவிழாக் கூட்டத்தில் காலரா வந்து ஊர் ஊராகப் போன காலம் அது. யார் கணக்கு வைத்தார்கள்? ஆனால் அப்பத்தா காலத்தில் ஒன்று சரியாக இருந்தது. விருந்துச் சமையலைக் கோழி கூவும் முன்பே ஆரம்பித்து, இறக்கிய சூட்டோடு பந்திக்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். ராத்திரி வைத்து மூடிவைக்கும் வழக்கம் இல்லை. மிஞ்சியதைச் சுற்றியிருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று இடத்தில் ஒரே நாளில் ஒப்பந்தம் எடுக்கும் ஆசை வந்த பிறகுதான் நமக்கு முதல் நாள் ராத்திரி தேவைப்பட்டது. ஆசை நம்முடையது என்றால் அதற்குரிய அறிவும் நம்முடையதாக இருக்க வேண்டாமா?

முன்கூட்டியே சமைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மாயம் ஒன்றும் இல்லை. குழம்பை அகலமான பேசின்களில் நான்கு விரல் ஆழத்துக்குப் பிரித்து ஊற்றுங்கள். பேசின்களைப் பனிக்கட்டி போட்ட தொட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள். பனிக்கட்டி வெளியே இருக்கட்டும், குழம்புக்குள் வேண்டாம். சுத்தமான கரண்டியால் கிளறுங்கள். 60லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறக்கி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் சூடு காட்டினால் போதாது. நடுவில் 75 டிகிரி தொடும்வரை கொதிக்க வேண்டும். கறி கரையும் என்று பயந்தால் கறியை அன்று காலையில் போடுங்கள், மசாலாவை மட்டும் முதல் நாள் அரைத்து வையுங்கள். ஊசி வைத்த வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாஸ்டர் முதலில் அதைத் தனக்கு வந்த அவமானமாகப் பார்ப்பார். ஒரு மூடிய அண்டாவின் நடுவில் ராத்திரி ஒரு மணிக்கும் விடிகாலை ஐந்து மணிக்கும் அதைக் குத்திக் காட்டுங்கள். எங்கள் மாஸ்டர் இப்போது அதைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டு திரிகிறார். சம்பந்தி வீட்டாரிடம் எடுத்துக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்கிறார்.

எங்கள் அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. ‘இன்றைய பொறுப்பு’ என்று எழுதி அதன் கீழே ஒரு பெயர் இருக்கும். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. வெளிச் சமையலுக்கு வண்டி கிளம்பினால் வண்டியோடு போகிறவரின் பெயர். என் பெயர் அதில் வருவதில்லை. பக்கத்திலேயே ஒரு நாற்பது பக்க நோட்டு. எதைக் கொட்டினோம், ஏன் என்று மட்டும் அதில் எழுத வேண்டும். தமிழ் எழுதத் தெரியாதவர் ஒடியாவிலோ இந்தியிலோ எழுதலாம். அடுப்படியில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்களாக இருக்கும்போது தமிழில் மட்டும் வகுப்பு எடுப்பது, செவிடன் காதில் ஊதிய சங்கு.

அரசுத் துறைக்கும் ஒரு வார்த்தை, குறுக்கே சொல்லிக்கொள்கிறேன். வகுப்புகளை மண்டபத்தில் வைக்காமல் அடுப்படியில் வையுங்கள். சோதனைக்கு வரும்போது சான்றிதழ் எங்கே என்று கேட்பதற்கு முன்பு, பாத்திரம் கழுவுகிறவரிடம் போய், “இங்கே ஏதாவது கெட்டிருந்தால் யாரிடம் சொல்வாய்?” என்று கேளுங்கள். அவர் முழித்தால் அந்தக் கடைக்கு நோட்டீஸ் கொடுங்கள். என் கடையிலேயே முதலில் கேளுங்கள்.

இனி நான் கேட்க வந்தது. ஆடி வருகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை. கோட்டை அடுப்புகள் அணைந்து கிடக்கும். ஒப்பந்தச் சமையல்காரர்கள் வேலை இல்லாமல் வீட்டில் இருப்பார்கள். பலர் நம்மிடம் முன்பணம் கேட்டு வருவார்கள். அந்த மாதத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் மூன்று மணி முதல் ஆறு மணி வரை என் அடுப்படியைத் திறந்து விடுகிறேன். முறையான சான்றிதழ்ப் பயிற்சி தருகிறவர்களை அழைத்துவரும் செலவில் பாதி என்னுடையது. மீதியை நாம் பகிர்ந்துகொள்ளலாம். அண்டா இருக்கும், பேசின் இருக்கும், வெப்பமானி இருக்கும், வெட்டுக்கட்டை இரண்டு நிறத்தில் இருக்கும். இந்தி தெரிந்த ஒருவர் மொழிபெயர்ப்பார். ஒடியாவுக்கு எங்களிடமே ஆள் இருக்கிறது. அன்று அண்டாவைத் தொட்டுப் பார்த்த அதே பையன்தான். இப்போது எங்கள் இரண்டாம் கை. அவன் பெயரில் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. அதை அடுப்படிச் சுவரில், எண்ணெய்ப் பிசுக்கு படாத இடமாகப் பார்த்து, அவனே மாட்டிக்கொண்டான்.

சென்ற மாதம் ஒரு நாள் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், மின்சாரம் போய்க் குளிர்பெட்டி நின்றுவிட்டதென்று ஒரு பேசின் தேங்காய்ப்பால் குருமாவைக் கொட்டிவிட்டான். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தேன். நல்ல குருமாதானே, முகர்ந்து பார்த்திருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. காலையில் வாங்கிய தேங்காய் விலையும் மனத்தில் ஓடியது. மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் சொல்லாமல் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆடி முதல் செவ்வாய்க்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதை ஆனிக் கடைசிக்குள் சொல்லி அனுப்புங்கள். அதற்குத் தகுந்தபடி காபி போட வேண்டும். மாஸ்டரை அனுப்புங்கள், இரண்டாம் கையை அனுப்புங்கள், பாத்திரம் கழுவுகிறவரையும் அனுப்புங்கள். அன்றைய கூலியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஒரு மெஸ்காரன்